பிரைமரி ரெசிடென்ஷியலா, மிக்ஸடா, கடைவீதி ஃபிளாட்டா, விவசாய ஜோன் மனையா? சென்னையில வீடு தேடுறவங்களுக்கு

போன ரெண்டு மாசத்துல மூணு பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்விய என்கிட்ட கேட்டுட்டாங்க. ஒருத்தர் ரிட்டயர் ஆன வாத்தியார், ஊர்ல இருந்த நிலத்த வித்துட்டு பொண்ணு வீட்டுக்கு பக்கமா தாம்பரம் சுத்துவட்டாரத்துல ஒரு தனி வீடு பாக்குறார். இன்னொரு அக்கா வீட்டுலயே நாலு மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறவங்க, வாடகை கொடுத்து கொடுத்து அலுத்துப்போய் வீடும் வேலையும் ஒரே இடத்துல இருக்கணும்னு சொந்தமா தேடுறாங்க. மூணாவது கல்யாணம் ஆகி ஒரு வருஷம் ஆன ஐடி ஜோடி, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு மனை ரொம்ப சீப்பா வருது, ஆனா பேப்பர்ல விவசாய ஜோன்னு போட்டிருக்கு, பரவாயில்லையா அண்ணான்னு கேட்டாங்க.

நான் பில்டிங் பிளான் வரையிற ஆபீஸ்ல பதினாலு வருஷமா இருக்கேன். வர்றவங்க எல்லாரும் பட்டா கேப்பாங்க, வில்லங்கம் பாப்பாங்க, தண்ணி நல்ல தண்ணியான்னு கேப்பாங்க, வாஸ்து கண்டிப்பா கேப்பாங்க. ஜோன் என்னன்னு கேக்குறவங்க பத்துல ஒருத்தர்தான். கேக்குறவங்களும் "நான் இங்க வீடு கட்டலாமா"ன்னு மட்டும்தான் கேக்குறாங்க. அது பாதி கேள்விதாங்க. பக்கத்து மனைக்காரர் நாளைக்கு என்னெல்லாம் கட்டலாம்னு சொல்றதுதான் ஜோன். உங்க வீட்ட நீங்க பாத்து பாத்து கட்டிடுவீங்க, அடுத்த இருபது வருஷம் அந்த வீட்டுல நிம்மதியா தூங்குவீங்களாங்கறது பக்கத்து காம்பவுண்டுல என்ன வருதுங்கறத பொறுத்து இருக்கு.

## ரெசிடென்ஷியல் ஜோன்னு ஒண்ணு எதுக்கு

1971ல வந்த தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்துக்கு கீழதான் நம்ம மாஸ்டர் பிளான் எல்லாம். சென்னைக்கு இப்ப நடைமுறையில இருக்கிறது ரெண்டாவது மாஸ்டர் பிளான், 2008 செப்டம்பர்ல வந்தது, 2026 வரைக்கும்னு போட்டது. அதுல ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ஒரு பயன்பாடு எழுதியிருக்கும்: பிரைமரி ரெசிடென்ஷியல், மிக்ஸட் ரெசிடென்ஷியல், கமர்ஷியல், இன்ஸ்டிட்யூஷனல், தொழிற்சாலை, விவசாயம், திறந்தவெளி, இப்படி.

குடியிருப்ப தனியா பிரிச்சு வைக்கிறதுக்கு முதல் காரணம் ஆபத்த தள்ளி வைக்கிறது. 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர்ல கடலுக்கடியில போற குழாய்ல அமோனியா கசிஞ்சு பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்க கண்ணு எரிஞ்சு மூச்சு திணறி தூக்கத்துல இருந்து எழுந்து குழந்தைங்கள தூக்கிட்டு ஓடினாங்க. ஆலைக்கும் வீட்டுக்கும் நடுவுல போதுமான இடைவெளி இல்லாததோட விலை அது. 2017 மே 31ந்தேதி தி.நகர்ல ஏழு மாடி ஜவுளிக்கடை எரிஞ்சப்ப ரெண்டு நாள் புகை நிக்கல, சுத்தி குடியிருந்தவங்க வீட்ட விட்டு வெளியேற வேண்டியதாச்சு. அந்த தி.நகர் 1920கள்ல ஏரிய தூர்த்து, பனகல் பார்க்க நடுவுல வச்சு, குடியிருக்கறதுக்குன்னே பிளான் பண்ணி போட்ட ஊரு. இன்னைக்கு ரங்கநாதன் தெருவுல நின்னுகிட்டு இது வீடுங்க இருந்த தெருன்னு சொன்னா சின்னப் பசங்க நம்ப மாட்டாங்க.

ரெண்டாவது, சத்தம். இது நிறைய பேருக்கு தெரியாது. 2000ல வந்த ஒலி மாசு விதிகள்படி குடியிருப்பு பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரைக்கும் 45. கமர்ஷியல்னா 65க்கு 55. தொழிற்சாலை பகுதின்னா 75க்கு 70. அதாவது உங்க இடம் எந்த வகையில வருதோ அதுக்கு ஏத்த மாதிரி சட்டம் உங்களுக்கு தர்ற அமைதியோட அளவே மாறுது. டாஸ்மாக் கடைக்கு கூட அப்படித்தான், மாநகராட்சி நகராட்சி எல்லைக்குள்ள பள்ளிக்கூடம், கோயிலுக்கு 50 மீட்டர் தள்ளி இருக்கணும்னு விதி, ஆனா கமர்ஷியல், தொழிற்சாலைன்னு வகைப்படுத்தின இடத்துல அந்த தூரக் கணக்கு பொருந்தாது.

மூணாவது, தண்ணி, சாக்கடை, ரோடு. இத்தன வீடுன்னு கணக்கு போட்டு குழாய் போடுறாங்க, அங்க ஒரு லாட்ஜும் ரெண்டு ஹோட்டலும் வந்தா அதே குழாய்தான் தாங்கணும். நாலாவது காத்து வெளிச்சம், பக்கத்துல எவ்வளவு இடம் விடணும், எவ்வளவு உயரம் போகலாம்ங்கற கணக்கு. அஞ்சாவது பார்க்: லேஅவுட் (பெரிய நிலத்த மனை மனையா பிரிச்சு போடுறது) 10,000 சதுர மீட்டருக்கு மேல போனா 10 சதவீதம் நிலத்த திறந்தவெளிக்கு எழுதிக் கொடுத்தே ஆகணும். 3,000ல இருந்து 10,000 வரைன்னா நிலத்துக்கு பதிலா பணம் கட்டிட்டு போயிடலாம், அதனாலதான் சின்ன லேஅவுட்டுங்கள்ல குழந்தைங்க தெருவுல விளையாடுதுங்க.

ஆனா இதுக்கு இன்னொரு பக்கம் இருக்கு, அத மறைச்சு பேசக்கூடாது. வீட்ட மட்டும் தனியா வச்சு பொழப்ப தள்ளி வச்சா ஏழை ஜனங்க வாழ முடியாது. பெரும்பாக்கம், செம்மஞ்சேரிக்கு ஊருக்குள்ள இருந்து மாத்தின குடும்பங்கள பாருங்க, மேல கூரை இருக்கு, ஆனா வீட்டு வேலைக்கு போன தெரு, மீன் வித்த மார்க்கெட், எல்லாம் பஸ்ல ஒரு மணி நேரத்துக்கு மேல. அதனால ஜோன்ல "சுத்தமான குடியிருப்பு"தான் ஒசத்தின்னு நான் சொல்லவே மாட்டேன்.

## எத வச்சு எடை போடணும்

நான் யாருக்கு சொன்னாலும் இந்த வரிசையிலதான் கேக்க சொல்வேன். பக்கத்துல நாளைக்கு என்ன வரலாம். அந்த இடத்துல நான் வருமானத்துக்கு என்ன செய்யலாம். தண்ணி, கழிவுநீர், ரோடு வந்தாச்சா, இல்ல "வரும்"னு சொல்றாங்களா. பேங்க் லோன் கிடைக்குமா, நாளைக்கு வித்தா வாங்கறவருக்கும் கிடைக்குமா. விலைக்கு மேல மறைஞ்சு நிக்கிற செலவு எவ்வளவு. கடைசியா, பிரச்சனை வந்து புகார் எழுதினா அது நிக்குமா.

இந்த கடைசிய யாரும் யோசிக்கறதே இல்ல.

## பிரைமரி ரெசிடென்ஷியல்

வீடு, அபார்ட்மெண்ட் இதுக்குத்தான் முதலிடம். ஆனா நம்ம விதி அமெரிக்கால மாதிரி பால் பாக்கெட் வாங்க கார் எடுக்கணும்ங்கற அளவுக்கு கடுமை இல்ல. சின்ன அளவுல கடை, டாக்டரோ வக்கீலோ தன் வீட்டுலயே வச்சிருக்கிற கன்சல்டிங் ரூம், பள்ளிக்கூடம், கிளினிக் இதெல்லாம் அளவு வரம்போட அனுமதிதான். பெரிய ஹோட்டல், லாட்ஜ், ஒர்க்‌ஷாப், குடோன் இதெல்லாம் கிடையாது.

இதோட பெரிய பலமே புகார் நிக்கும்ங்கறதுதான். பக்கத்து வீட்ட யாராவது குடோன் ஆக்கினா "இது அனுமதிக்கப்பட்ட பயன்பாடே இல்ல"ன்னு ஒரே வரியில எழுதலாம், நோட்டீஸ் விடவும் பூட்டி சீல் வைக்கவும் சட்டத்துலயே வழி இருக்கு. நேரம் ஆகும், அலையணும், ஆனா கால் ஊன்ற தரை இருக்கு.

லோன்ல தொந்தரவு இல்ல, விக்கறப்பவும் சட்டுனு போகும். 2024 ஜூலைல வந்த சுயசான்று முறையில (விதிப்படி கட்டுறேன்னு நாமளே உறுதி எழுதிக் கொடுக்கிறது) 2,500 சதுர அடி வரைக்கும் இருக்கிற மனையில 3,500 சதுர அடிக்குள்ள தரைதளம் இல்லன்னா தரைதளமும் ஒரு மாடியும் கட்ட ஆன்லைன்லயே உடனடி அனுமதி கிடைக்குது, அப்ரூவ்ட் மனைன்னா அந்த சௌகரியம் பெரிய சௌகரியம்.

இப்ப மறைஞ்ச செலவு. முதல்ல, பிரைமரி ரெசிடென்ஷியல்னா அமைதியான தனி வீட்டுத் தெருன்னு அர்த்தம் இல்ல. 2019ல வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள்ல சாதாரண கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ., அதாவது மனை அளவ போல எத்தன மடங்கு கட்டலாம்ங்கற கணக்கு, 1.5ல இருந்து 2 ஆச்சு, உயரமான கட்டடத்துக்கு 3.25. அதாவது உங்க பக்கத்து ஒரு கிரவுண்ட் வீட்ட இடிச்சா நாலு பேர் இருந்த இடத்துல ஸ்டில்ட் போட்டு (கீழ்தளத்த பார்க்கிங்குக்கு தூண் மட்டும் விட்டு) எட்டு குடும்பம் வரலாம், ரோடு அகலமா இருந்தா அதவிட ஒசரமாவும் போகலாம், எல்லாம் விதிப்படியே. போர்ல தண்ணி இறங்கும், தெருவுல கார் நிக்கும், உங்க மாடித் தோட்டத்துக்கு வெயில் வராது. எதிர்ப்பு தெரிவிக்க வழியே இல்ல ஏன்னா அது குடியிருப்புதான். அதனால வாத்தியார்கிட்ட நான் சொன்னது, ஜோன் பாத்தா மட்டும் போதாது சார், தெரு அகலத்த டேப் வச்சு அளந்து பாருங்க, குறுகலான தெருவுல பெரிய கட்டடம் வர முடியாது, உங்க வயசுக்கு அந்த குறுகல் ஒரு காப்பு.

ரெண்டாவது செலவு, பின்னாடி மனசு மாறினா. கீழ்தளத்த கடைக்கு விட்டு வாடகை பாக்கலாம்னு நினைச்சா சின்ன கடையோட நிறுத்திக்கணும். வீட்டு கரண்ட் இணைப்புக்குத்தான் இலவச யூனிட் உண்டு, அதே இணைப்புல கடை ஓட்டினா டாரிஃப் மீறல்னு அபராதம் போடுவாங்க, சொத்து வரியும் குடியிருப்பு அல்லாதவைன்னு ஏறும்.

## மிக்ஸட் ரெசிடென்ஷியல்

இதப் பத்தி நான் கொஞ்சம் நீளமா சொல்லணும், ஏன்னா எங்க வீடே இதுலதான் இருக்கு, குரோம்பேட்டை பக்கம், மெயின் ரோட்டுல இருந்து மூணாவது வீடு.

மிக்ஸட்ல பிரைமரில இருக்கிறது எல்லாம் உண்டு, கூடவே ஹாஸ்டல், லாட்ஜ், பேங்க், ஹோட்டல், பெரிய கடைங்க, சமுதாயக் கூடம், ஆபீஸ் எல்லாம் வரலாம். எங்கப்பா இந்த வீட்ட வாங்கறப்ப எதிர்ல ஒரு மாமரமும் ஓட்டு வீடும் இருந்துச்சு. பாத்த உடனே பிடிச்சுப்போச்சு, வாங்கிட்டார். ஜோன் என்னன்னு அவரும் கேக்கல, தரகரும் சொல்லல. ஆறு வருஷத்துக்கு முன்னாடி அந்த ஓட்டு வீட்ட இடிச்சு கட்டடம் கட்டி, கீழ ஒரு டிஃபன் கடைக்கு சமையல் கூடமா வாடகைக்கு விட்டாங்க. கடை வேற எங்கயோ, சமைக்கிறது மட்டும் இங்க. விடிகாலை மூணரைக்கு கிரைண்டர் ஓட ஆரம்பிக்கும், நாலரைக்கு பெரிய பாத்திரத்த சிமெண்ட் தரையில இழுக்கிற சத்தம், அஞ்சுக்கு வேன். அவங்க எக்ஸாஸ்ட் ஃபேன் நேரா எங்கம்மா படுக்கிற ரூம் ஜன்னல பாத்துதான் இருந்துச்சு. ஒரு வருஷத்துல ஜன்னலுக்கு கீழ சுவத்துல எண்ணெய் கறை விரல் தடிமனுக்கு கறுப்பா கோடு கோடா இறங்கிடுச்சு, கொசுவலையில கை வச்சா பிசுபிசுன்னு ஒட்டும். அம்மாக்கு இளைப்பு உண்டு. ராத்திரி ஜன்னல மூடிட்டு படுத்தா மேல ஃபேன் இருந்தும் வேர்த்து கொட்டும்.

புகார் எழுதிட்டு போனேன். அங்க இருந்த அதிகாரி மேப்ப எடுத்து பாத்துட்டு தன்மையாத்தான் சொன்னார், "இது மிக்ஸட் ஜோன்ங்க, இங்க சமையல் கூடம் நடத்துறதே தப்புன்னு எழுத முடியாது. புகைபோக்கி இருக்கிற விதம், பக்கத்துல விட வேண்டிய இடத்த மறிச்சது, ராத்திரி சத்தம், இதுக்கு எழுதிக் கொடுங்க". அப்படித்தான் எழுதினோம். ஒன்பது மாசம் கழிச்சு புகைபோக்கிய மொட்டை மாடிக்கு மேல ஏத்தி விட்டாங்க. கிரைண்டர் இன்னும் ஓடுது. இதே சமையல் கூடம் பிரைமரி ஜோன்ல வந்திருந்தா என் புகார் வேற மாதிரி போயிருக்கும். அன்னைக்குத்தான் எனக்கு ஜோன்னா என்னன்னு உடம்புல உறைச்சுது, அதுக்கு முன்னாடி எட்டு வருஷம் பிளான்ல ஒரு கலரா மட்டும் பாத்துட்டு இருந்தேன்.

ஆனா இதையும் சொல்லணும். அதே வீட்டு முன் ரூம்லதான் எங்க அத்தை கணவர் போனதுக்கு அப்புறம் இட்லி மாவு போட்டு வித்து ரெண்டு பசங்கள காலேஜ் படிக்க வச்சாங்க. மருந்துக்கடை நாலு எட்டுல. ராத்திரி பதினோரு மணிக்கு வேலை முடிஞ்சு வர்ற பொம்பளப் பிள்ளைங்க பயப்படாம நடந்து வர்ற தெரு எங்க தெருதான், ஏன்னா கடை திறந்திருக்கு, ஆள் இருக்காங்க, லைட் இருக்கு. உள்ள இருக்கிற பிரைமரி தெருவுல ஒன்பது மணிக்கே நாய் மட்டும்தான் நிக்கும். கீழ ஒரு போர்ஷன கடைக்கு விட்டா வர்ற வாடகை வீட்டு வாடகைய விட நல்லா வரும், வயசான காலத்துல அது ஒரு பென்ஷன் மாதிரி.

மறைஞ்ச செலவுன்னா: கண்ணாடி ஜன்னல் டபுளா போடணும், தெருவுல வண்டி நிறுத்த இடமே இருக்காது அதனால வீட்டுக்குள்ளயே பார்க்கிங் வேணும், பக்கத்துல ஹாஸ்டலோ ஹோட்டலோ வந்தா நிலத்தடி தண்ணி வேகமா இறங்கும், கோடையில லாரி தண்ணி செலவு ஏறும். வாங்கறதுக்கு முன்னாடி அந்த தெருவுல விடிகாலை நாலு மணிக்கு ஒரு தடவ, ராத்திரி பத்தரைக்கு ஒரு தடவ, ஞாயித்துக்கிழமை முகூர்த்த நாள்ல ஒரு தடவ போய் நில்லுங்க. பகல் பதினோரு மணிக்கு தரகர் கூட்டிட்டு போற நேரத்துல எல்லா தெருவும் அமைதியாத்தான் இருக்கும்.

## கமர்ஷியல் ஜோன்ல ஃபிளாட்

கமர்ஷியல் ஜோன்லயும் வீடு கட்டலாம், தடை இல்ல. கீழ ஷோரூம், மேல ஃபிளாட்னு நிறைய இருக்கு. ஸ்டேஷன், மெட்ரோ பக்கம், வேலைக்கு போற ரெண்டு பேருக்கு பெட்ரோலும் நேரமும் மிச்சம். ஆனா சத்தத்துக்கு 65 டெசிபல் வரைக்கும் சட்டமே ஒத்துக்குது, டாஸ்மாக் தூரக் கணக்கும் இல்ல, ஜெனரேட்டர் புகை, கீழ்தளத்துக்காரர் போர்டு வைக்கிற சண்டை, பார்க்கிங் சண்டை, மெயின்டனன்ஸ் எல்லாம் மாசா மாசம் வரும். குழந்தை இல்லாதவங்க, வாடகைக்கு விடறதுக்குன்னு முதலீடா வாங்கறவங்களுக்கு சரி. ரெண்டு மாடிப்படி இருக்கா, கீழ தீப்பிடிச்சா மேல இருக்கறவங்க வெளிய வர தனி வழி இருக்கான்னு பாக்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. தி.நகர் தீ ஞாபகம் இருக்கட்டும்.

## விவசாய ஜோன் மனை

இதுக்குத்தான் இந்த கட்டுரையே எழுதணும்னு தோணுச்சு.

எப்படி விக்கிறாங்கன்னு பாத்தவங்களுக்கு தெரியும். ஞாயித்துக்கிழமை காலைல வேன் வரும், குடும்பத்தோட ஏத்திட்டு போவாங்க, வழியில டிஃபன், மதியம் பிரியாணி. போனா வரிசையா கலர் கொடி, மஞ்சள் வெள்ளை பெயிண்ட் அடிச்ச கல்லு, செம்மண் கொட்டி சமன் பண்ணின ரோடு, வாசல்ல ஆர்ச். "சார் ரெடி ரிஜிஸ்ட்ரேஷன்". அந்த ஐடி ஜோடி கூட நானும் ஒரு தடவ போய் பாத்தேன். அந்த ஜோடில தம்பி மனைய காட்டுறான், நான் மனைக்கு பின்னாடி நடந்து போனேன், இருபது அடி தள்ளி சம்பு புல்லு ஆள் உயரத்துக்கு நிக்குது, மண்ணு காலுக்கு கீழ அமுங்குது. மழை பெஞ்சு மூணு வாரம் ஆயிருந்துச்சு. புல வரைபடம் (சர்வே நம்பரோட எல்லைய காட்டுற அரசு படம்) வாங்கி பாத்தா அந்த சர்வே நம்பர் ஓரமா வாய்க்கால் கோடு. ஏரிக்கு தண்ணி போற வழியில போட்ட மனை. 2015 டிசம்பர்ல முடிச்சூர், வரதராஜபுரத்துல முதல் மாடி வரைக்கும் தண்ணி ஏறினத பாத்தவன் நான், அந்த தம்பி கைய பிடிச்சு கூட்டிட்டு வந்துட்டேன்.

விவசாய ஜோன்னு போட்டிருக்கிறதுக்கு காரணம் இருக்கு. பயிர் மட்டும் இல்ல, மழைத்தண்ணி நிக்கறதுக்கு, ஏரி நிரம்பறதுக்கு, ஊர் இஷ்டத்துக்கு பரவி ரோடு குழாய் போட முடியாம போயிடக் கூடாதுங்கறதுக்கு. குடியிருப்பு ஜோனோட வேலைல பாதி, எங்க குடியிருக்கக் கூடாதுன்னு சொல்றதுதான். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல, சேந்துச்சு, ஆனா அதுக்கு முன்னாடியே அத சுத்தி எவ்வளவு கட்டிட்டோம்னு நெனச்சா வயிறு எரியுது.

இப்ப பேப்பர் விஷயம். "பஞ்சாயத்து அப்ரூவல்"னு சொன்னா அத நம்பவே நம்பாதீங்க, லேஅவுட்டுக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரம் பஞ்சாயத்து தலைவருக்கு கிடையாது. சி.எம்.டி.ஏ. (சென்னை பெருநகர வளர்ச்சிக் குழுமம்) இல்லன்னா டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்)தான். 2016 செப்டம்பர்ல சென்னை ஹைகோர்ட் அங்கீகாரம் இல்லாத மனைய பதிய தடை போட்டுச்சு. அதுக்கப்புறம் 2017 மே மாசம் வரன்முறை திட்டம், அதாவது அங்கீகாரம் இல்லாத மனைய பணம் கட்டி முறைப்படுத்துற திட்டம், வந்துச்சு, ஆனா அது 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி உருவான மனைங்களுக்கு. அதுக்கு அப்புறம் பிரிச்ச மனைய வரன்முறை பண்ணித் தர்றேன்னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க.

"ஆனா பதிவு ஆகுதே அண்ணா"ன்னு அந்த பொண்ணு கேட்டுச்சு. இங்கதான் எல்லாரும் மாட்டுறாங்க. அந்த தேதிக்கு முன்னாடியே வீட்டு மனையா பதிவான இடத்த மறுபடி விக்க பதியலாம். பதிவு ஆகறது வேற, பிளான் அப்ரூவல் கிடைக்கறது வேற. இன்னும் சிலர் அத மனைன்னே சொல்லாம "பண்ணை நிலம்"னு சென்ட் கணக்குல விவசாய நிலமாவே எழுதிக் கொடுப்பாங்க, பத்திரம் சுத்தமா பதிவாகும், வீடு கட்டப் போனாதான் கதவு மூடியிருக்கும்.

ஜோன் மாத்த முடியாதான்னா முடியும், நிலப் பயன்பாட்டு மாற்றம்னு சி.எம்.டி.ஏ.க்கு விண்ணப்பிக்கணும், கட்டணம் கட்டணும், பேப்பர்ல விளம்பரம் போட்டு ஆட்சேபணை கேப்பாங்க, கமிட்டி பாக்கும், ஒத்துக்கிட்டா அரசிதழ்ல வரும். நிராகரிக்கவும் செய்வாங்க. பெரிய நிலமா வச்சிருக்கறவருக்கு அது சரி, நடுவுல ஒரே ஒரு மனைய வச்சுக்கிட்டு தனியா நீங்க மாத்தி, ரோடு அகலம் காட்டி, எல்லாம் நடக்கறது லேசு இல்ல.

இப்ப புதுசா ஒரு பேச்சு ஓடுது. 2022ல சென்னை பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டர்ல இருந்து 5,904 ஆச்சு, மூணாவது மாஸ்டர் பிளான் வரப்போகுது, அதுல இதெல்லாம் ரெசிடென்ஷியல் ஆயிடும், இப்பவே பிடிச்சு போடுங்கன்னு. ஆகலாம். ஆகாமலும் போகலாம், நீர்ப்பிடிப்புன்னு இன்னும் கட்டுப்பாடு கூடவும் செய்யலாம். உங்க வாழ்நாள் சேமிப்ப வரப்போற மேப்போட கலர் மேல வைக்காதீங்க.

கணக்கு போட்டு பாருங்க: பேங்க் லோன் இல்ல, அதனால கையில இருக்கிற பணம், நகை, வெளி வட்டி. போர், கரண்ட் கம்பம், கழிவுநீர் தொட்டி எல்லாம் சொந்த செலவு. மனைய மேடாக்க மண்ணு லோடு லோடா. விக்கறப்ப வாங்கறவருக்கும் லோன் இல்ல, அதனால விலைய இறக்கித்தான் விக்கணும். கட்டவே முடியாத இடத்துக்கு இத்தனையும் போட்டா, ரொம்ப சீப்புன்னு சொன்னது அப்படியே நிக்குமா?

இது யாருக்குத்தான் சரின்னா, உண்மையிலயே விவசாயம் பண்ண, தென்னை வைக்க, மாடு வளக்க நிலம் தேடுறவங்களுக்கு. அவங்களுக்கு இது தப்பான இடமே இல்ல.

## ஒரே பார்வையில

| பாக்க வேண்டியது | பிரைமரி | மிக்ஸட் | கமர்ஷியல் ஃபிளாட் | விவசாய ஜோன் மனை |
|---|---|---|---|---|
| பக்கத்துல வரக்கூடியது | அபார்ட்மெண்ட், ஸ்கூல், சின்ன கடை | ஹோட்டல், ஹாஸ்டல், பேங்க், பெரிய கடை | கிட்டத்தட்ட எல்லா வியாபாரமும் | இப்ப வயல், அப்புறம் யாருக்கும் தெரியாது |
| வீட்டுல இருந்தே சம்பாதிக்க | சின்ன அளவுல | நல்லா முடியும் | முடியும், செலவும் கூட | பயிர், மாடு |
| தண்ணி, கழிவுநீர், ரோடு | பெரும்பாலும் இருக்கும் | இருக்கும், சுமை அதிகம் | இருக்கும் | எல்லாம் நீங்களே |
| லோன், மறுவிற்பனை | சுலபம் | சுலபம், மெயின் ரோடுன்னா நல்ல விலை | வாங்கறவர் கம்மி | லோன் இல்ல, விக்கறது கஷ்டம் |
| மறைஞ்ச செலவு | பக்கத்துல மாடி ஏறும், தண்ணி இறங்கும் | சத்தம், பார்க்கிங், லாரி தண்ணி | மெயின்டனன்ஸ், ஜெனரேட்டர் | மண்ணு, போர், வட்டி, கட்ட முடியாம போறது |
| புகார் நிக்குமா | நிக்கும் | பாதி நிக்கும் | சத்தம், தீ விஷயத்துல மட்டும் | நீங்களே விதி மீறினவரா நிப்பீங்க |

## அந்த மூணு பேருக்கு என்ன சொன்னேன்

வாத்தியாருக்கு பிரைமரி, குறுகலான தெரு, ஆனா மிக்ஸட் ரோட்டுல இருந்து நடந்து போற தூரத்துல. மருந்துக்கடையும் பஸ் ஸ்டாப்பும் அஞ்சு நிமிஷ நடையில இருக்கணும், இல்லன்னா அமைதியே அவருக்கு தனிமை ஆயிடும். வீட்டம்மாக்கு முட்டி வலி வேற.

ஐடி ஜோடிக்கு அந்த மனைய விடச் சொன்னேன். அதே பணத்துக்கு கொஞ்சம் லோன் சேத்து, கொஞ்சம் சின்னதா, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு இருக்கிற அப்ரூவ்ட் லேஅவுட்ல பாக்கச் சொல்லியிருக்கேன். 500 சதுர மீட்டருக்கு மேல, இல்லன்னா எட்டு வீட்டுக்கு மேல போற புராஜெக்ட்டுன்னா ரெரா பதிவு கட்டாயம், நம்பர கேட்டு ஆன்லைன்ல தட்டிப் பாக்கலாம். தம்பிக்கு கொஞ்சம் வருத்தம்தான், ஆர்ச்சு கொடி எல்லாம் கண்ணுலயே நிக்குது அவனுக்கு.

தையல் அக்காக்கு மிக்ஸட். நாலு மெஷின் எட்டு ஆகணும்னு அவங்களுக்கு ஆசை இருக்கு, அது ஆகணும். குடிசைத் தொழிலுக்கு கரண்ட்ல தனி டாரிஃப் இருக்கு, கமர்ஷியல விட கம்மி, அந்த இணைப்பு கேட்டு வாங்கச் சொன்னேன். மோட்டார் குதிரைத்திறனுக்கு ஜோன்ல ஒரு வரம்பு உண்டு, எட்டு மெஷினோட மொத்தத்த கூட்டி எழுதி வச்சுட்டு பிளான் போடுறவர்கிட்ட காட்டச் சொன்னேன். மெஷின் ரூம் பக்கத்து வீட்டு படுக்கை ரூம் ஜன்னலுக்கு எதிர்ல வராம, தெருப்பக்கம் வர்ற மாதிரி வீடா பாருங்கன்னும் சொன்னேன்.

எப்படி ஜோன் பாக்கறதுன்னு அவங்கதான் கேட்டாங்க. பத்திரத்துலயோ பட்டாலயோ சர்வே நம்பர், உட்பிரிவு, வருவாய் கிராமம் பேரு எடுத்துக்கோங்க. தெருப் பேர வச்சு தேடாதீங்க, கிராமப் பேரு வேறயா இருக்கும். சி.எம்.டி.ஏ. வெப்சைட்ல நிலப் பயன்பாடுன்னு இருக்கும், அதுல கிராமமும் சர்வே நம்பரும் போட்டா வந்துடும். நீங்க வாங்கற நம்பர மட்டும் போட்டு நிறுத்தாம, புல வரைபடத்த பாத்து நாலு பக்கமும் ஒட்டி இருக்கிற நம்பருங்களையும் போட்டு பாருங்க. அக்கா பாத்த வீட்டுக்கு பின்பக்க நம்பர் தொழிற்சாலைன்னு வந்துச்சு, இப்போதைக்கு அங்க வெறும் காலி இடமும் ரெண்டு வேப்ப மரமும்தான் இருக்கு. வேற வீடு தேடிட்டு இருக்காங்க.